அரிப்பது வேறு, குழி பறிப்பது வேறு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ‘வீக்கன்’ (பலவீனமாவது, பலவீனமாக்குவது) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: ஒரு பொருளோ உறவோ உரிமையோ கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் எதற்கு இத்தனை வினைச்சொற்கள், எதை எங்கே போடுவது? அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: என் மேலாளரைப் பற்றி மனிதவளத் துறைக்கு ஆங்கிலத்தில் புகார் எழுத வேண்டும். நான் எடுக்கும் முடிவுகளை என் குழுவினர் முன்னாலேயே மாற்றிவிடுகிறார். ‘இரோட்’ (அரிப்பது) போடவா, ‘அண்டர்மைன்’ (அடியில் குழி பறிப்பது) போடவா?
– தனியார் நிறுவன ஊழியர் ஒருவர்

‘அண்டர்மைன்’தான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் என்பது தானாகப் புரிந்துவிடும். பழைய கால முற்றுகைப் போர்களில், கோட்டைச் சுவரை நேராக மோதி உடைக்க முடியாது என்று ஆனபோது, அதன் அடியில் சுரங்கம் தோண்டுவார்கள். தோண்டுகிறவர்கள் தலையிலேயே சுவர் விழுந்துவிடக் கூடாது இல்லையா, அதற்காக மரத்தால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். போதுமான அளவு தோண்டியதும் முட்டுகளுக்குத் தீ வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். முட்டு எரிந்து விழ, மேலே இருக்கிற சுவரும் கூடவே சரியும். 1215இல் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையை ஜான் மன்னர் பிடித்தபோது இதைத்தான் செய்தார். தீ நன்றாகப் பிடிப்பதற்காக, சாப்பிட லாயக்கில்லாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்பி வைக்கச் சொல்லி அவர் எழுதிய ஆணை இன்றும் பதிவில் இருக்கிறது. கோபுரத்தின் ஒரு மூலை அப்படியே இடிந்து விழுந்தது. பிற்பாடு அதைத் திரும்பக் கட்டியவர்கள் அந்த மூலையை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள், மற்ற மூன்றும் சதுரம். அதனால் எந்த மூலை விழுந்தது என்று இன்றைக்குப் போய்ப் பார்க்கிறவரும் சொல்லிவிடலாம்.

‘அண்டர்மைன்’ என்ற சொல்லுக்குள் இருப்பது இந்தக் காட்சிதான். மேலே சுவர் நிற்கிறது, கொடி பறக்கிறது, அடியில் தாங்குவது மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் நிலைமையும் அதேதான்: பதவி இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது, சொன்ன சொல்லுக்கு மதிப்பு இல்லை. தமிழில் ‘குழி பறிக்கிறான்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே படம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த வினைக்கு ஒரு மனிதரை எழுவாயாக வைத்தால் படிக்கிறவர் அதை வேண்டுமென்றே செய்த காரியமாகத்தான் எடுத்துக்கொள்வார். அகராதிப்படி நோக்கம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, தூக்கமின்மை கூட உடல்நலத்தை ‘அண்டர்மைன்’ செய்யலாம், ஆனால் ‘அவர் என்னை அண்டர்மைன் செய்கிறார்’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை உங்களால் நிரூபிக்க முடியாது, அவர் செய்ததை நிரூபிக்க முடியும். எனவே செயலை எழுவாய் ஆக்குங்கள்: ‘ரிவர்சிங் மை டிசிஷன்ஸ் இன் ஃப்ரன்ட் ஆஃப் த டீம் அண்டர்மைன்ஸ் மை அத்தாரிட்டி.’ இதோடு எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில், எந்த முடிவு என்று இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் அவர் ‘எனக்கு அப்படி நோக்கமே இல்லை’ என்று சொன்னாலும் உங்கள் வாக்கியம் ஆடாது.

கேள்வி: ‘இரோட்’, ‘கரோட்’ இரண்டுக்கும் அரித்தல் என்றுதான் அகராதி பொருள் சொல்கிறது. பிறகு என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவி ஒருவர்

இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘ரோடெரே’ என்றால் கொறிப்பது. எலி, அணில் வகையறாவை ‘ரோடென்ட்’ என்பதும் அதனால்தான். ஆனால் வளர்ந்த இடம் வேறு. ‘இரோட்’ காற்றுக்கும் தண்ணீருக்கும் உரியது: மேலிருந்து துகள் துகளாக எடுத்துக்கொண்டு போய்விடும், அளவு குறையும். ‘கரோட்’ வேதியியலுக்கு உரியது: பொருளே வேறு ஒன்றாக மாறிக் கெட்டுப்போகும்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் முதலாவதற்கு இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் ஹோல்டர்னெஸ் கடற்கரையைச் சொல்வேன். களிமண் மேடு, எதிரே வடகடல். ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவுக்குக் கரை உள்வாங்கிக்கொண்டே இருக்கிறது. ரோமானியர் காலத்திலிருந்து எத்தனையோ ஊர்கள் கடலுக்குள் போய்விட்டன. அங்கே அலை மேட்டின் அடிவாரத்தைத்தான் முதலில் குடைகிறது, மேலே இருக்கும் மண் கொஞ்ச காலம் அந்தரத்தில் நின்றுவிட்டு ஒருநாள் மொத்தமாக விழுகிறது. அதாவது கரை ‘இரோட்’ ஆகிறது, அடிவாரம் ‘அண்டர்மைன்’ ஆகிறது. ஒரே இடத்தில் இரண்டு வினையும் வேலை செய்கின்றன.

இரண்டாவதற்கு நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை. 1886இல் திறந்தது. வெளியே மெல்லிய செப்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். செம்பும் இரும்பும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது என்று கட்டியவர்களுக்குத் தெரியும், அரக்கில் தோய்த்த கல்நாரை நடுவில் வைத்துத்தான் கட்டினார்கள். காலப்போக்கில் அந்தத் தடுப்பு வீணாகி, உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, இரும்பு துருப்பிடித்துப் பருத்து, தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளையே பிடுங்க ஆரம்பித்தது. 1984 முதல் 1986 வரை நடந்த சீரமைப்பில் சட்டத்தின் இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைத்தார்கள். எல்லோர் கண்ணிலும் படுகிற அந்தப் பச்சை நிறம் இருக்கிறதே, அது சேதம் இல்லை, செம்புக்கு அது பாதுகாப்பு. கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாத உட்புறம்.

மனித விஷயங்களுக்கு இந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு போகும்போதும் இதே வித்தியாசம் கூடவே வருகிறது. நம்பிக்கை, சேமிப்பின் மதிப்பு, உரிமைகள், ஆதரவு இவையெல்லாம் ‘இரோட்’ ஆகும், அதாவது அளவில் குறைந்துகொண்டே வரும். பொறாமை, ஊழல், வெறுப்பு இவை ஒரு மனதையோ அமைப்பையோ ‘கரோட்’ செய்யும், அதாவது அதன் தன்மையே மாறிவிடும். மக்கள் ஒரு நீதிமன்றத்தின் மேல் வைத்த நம்பிக்கை குறைந்தால் ‘இரோட்’. உள்ளே லஞ்சம் புகுந்து நீதிமன்றமே வேறு ஏதோவாக ஆகிவிட்டால் ‘கரோட்’.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியாரை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். டாக்டரிடம் என் நிலைமையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘டயர்டு’ என்றால் ‘ரெஸ்ட் எடுங்கள்’ என்று முடித்துவிடுகிறார். வேறு சொல் இருக்கிறதா?
– வாசகி ஒருவர்

இருக்கிறது அம்மா. ‘வோர்ன் டவுன்’ என்று சொல்லுங்கள். இதற்குப் பக்கத்திலேயே ‘வோர்ன் அவுட்’ என்று ஒன்று இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இன்றைக்கு ஓடியாடி வேலை செய்து களைத்துப் போனாலும் ‘வோர்ன் அவுட்’ சொல்லலாம், நன்றாகத் தூங்கி எழுந்தால் அது சரியாகிவிடும். ‘வோர்ன் டவுன்’ என்பது மாதக்கணக்கில் தேய்ந்து வந்த நிலை: உடம்பு மட்டும் இல்லை, எதிர்த்து நிற்கிற தெம்பும் குறைந்துவிட்டது, முன்பு சமாளித்த சின்ன விஷயம் கூட இப்போது முடியவில்லை. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பார்களே, அந்தத் தேய்தல்.

ஆனால் சொல்லை மட்டும் நம்பி உட்காராதீர்கள். எத்தனை மாதமாக இப்படி, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், சாப்பாடு எப்படி இறங்குகிறது, கடைசியாக ஒரு முழு நாள் எப்போது ஓய்வு கிடைத்தது, இவற்றை ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். தமிழிலேயே எழுதினாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரின் உடம்பும் மருத்துவர் கேட்க வேண்டிய விஷயம்தான், அதைச் சொல்வதில் உங்களுக்கு எந்தக் கூச்சமும் வேண்டாம்.

கேள்வி: ‘சாப்’ என்றால் மரத்தின் சாறு. அதை வினையாகப் போட்டால் சாற்றை உறிஞ்சுவது என்று பொருளா?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

இன்று கேட்பவர் மனதில் வருகிற படம் அதுதான்: வெயில் தெம்பை ‘சாப்’ செய்தது, நீண்ட வழக்கு அவருடைய மன உறுதியை ‘சாப்’ செய்தது. உள்ளே இருந்த சத்து வடிந்துவிட்டது. ஆனால் இந்த வினைக்கு இன்னொரு வேரும் உண்டு. மண்வெட்டிக்கு இத்தாலிய மொழியில் ‘ஸாப்பா’. அதிலிருந்து, பகைவர் கோட்டையை நோக்கிப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு போவதற்கு ‘சாப்’ என்ற பெயர் வந்தது. இன்றும் பல ராணுவங்களில் பொறியாளர் படை வீரர்களை ‘சாப்பர்’ என்கிறார்கள். ஆக, இதுவும் ஒரு காலத்தில் ‘அண்டர்மைன்’ போலவே தோண்டுகிற சொல்தான், சாறும் மண்வெட்டியும் ஒரே ஒலியில் கலந்துவிட்டன. எழுதும்போது ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: வலிமை, உற்சாகம், நம்பிக்கை, பணவளம் போன்று வடியக்கூடிய ஒன்றுக்கு மட்டும் ‘சாப்’. சட்டத்தையோ வாதத்தையோ ‘சாப்’ செய்வது இயல்பாக இருக்காது.

கேள்வி: ஒரு பயிற்சி வகுப்பு முடிந்ததும் நன்றிக் கடிதத்தில் ‘இட் வாஸ் அன் எனர்வேட்டிங் செஷன்’ என்று எழுதினேன். பயிற்சியாளர் பதிலே போடவில்லை. தப்பா?
– வாசகர் ஒருவர்

ஆமாம், தப்பாகிவிட்டது. உற்சாகம் தந்தது என்று சொல்ல நினைத்திருக்கிறீர்கள், சக்தியை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘எனர்ஜி’ போலக் காதில் விழுவதால் ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இடத்தில் விழுகிறார்கள். லத்தீனில் ‘நெர்வஸ்’ என்றால் தசைநார். ‘எனர்வேட்’ அந்த நாரை அறுத்து எடுப்பது. நார் போனால் கை கால் தளராமல் என்ன செய்யும்? நீங்கள் தேடிய சொல் ‘எனர்ஜைசிங்’. பயிற்சியாளருக்கு இன்னொரு கடிதம் போட்டு, சொல் மாறிவிட்டது என்று நேராகச் சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ‘இரோஷன் ஆஃப் டிரஸ்ட்’ என்பதை ‘நம்பிக்கை அரிப்பு’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். சரிதானா?

ஆசிரியர் செய்தது சரி. ‘மண்ணரிப்பு’, ‘கடலரிப்பு’ என்று சேர்ந்து வரும்போது தமிழில் அந்தப் பொருள் நிற்கிறது. தனியாக ‘அரிப்பு’ என்றதும் உடம்பில் சொறிவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இந்த மாதிரி இடங்களில் ஆங்கிலப் பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே இழுத்து வர வேண்டாம், தமிழின் பலம் வினையில் இருக்கிறது. நம்பிக்கை கரைகிறது, தேய்கிறது, குறைந்துகொண்டே வருகிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் என்றால் நீர்த்துப்போகிறது. தொழில் நலிகிறது, அறிவு மழுங்குகிறது, துணி நைகிறது, மரம் உளுத்துப்போகிறது, ஏடு செல்லரிக்கிறது, புகழ் மங்குகிறது. எதனால் கெடுகிறது, எந்த விதமாகக் கெடுகிறது என்பதை ஒவ்வொரு வினையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. இவ்வளவும் நம் வாயில் புழங்கிக்கொண்டிருக்கும்போது செய்தித்தாள்களில் எல்லாவற்றுக்கும் ‘பலவீனப்படுத்துகிறது’ என்று ஒரே சொல்லைப் போட்டு முடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் கஷ்டப்படுகிறது.

கேள்வி: ‘சபோட்டாஜ்’, ‘டெசிமேட்’ இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். ‘சபோட்டாஜ்’ என்பது நாசவேலை, அதில் நோக்கம் கட்டாயம், மெதுவாக நடக்க வேண்டும் என்பது இல்லை. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தங்கள் மரக்காலணிகளை இயந்திரத்துக்குள் எறிந்ததால் இந்தச் சொல் பிறந்தது என்ற கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது, அதற்கு ஆதாரம் இல்லை. மரக்காலணியின் பெயர் சொல்லுக்குள் இருப்பது உண்மை, ஆனால் பிரெஞ்சில் அந்த வினைக்கு வேலையை அரைகுறையாக, அலங்கோலமாகச் செய்வது என்று பொருள் இருந்தது, அங்கிருந்து 1910 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘டெசிமேட்’ ரோமானியப் படையின் தண்டனை: பத்துப் பேரில் ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுத்துக் கொல்வது. இன்றைக்குப் பெருமளவில் அழிப்பது என்ற பொருளில் புழங்குகிறது, படிப்படியாக என்ற பொருள் அதில் இல்லை.

கேள்வி: மருத்துவ அறிக்கைகளில் ‘இம்பேர்டு’, ‘காம்ப்ரமைஸ்டு’, ‘டெபிலிடேட்டட்’, ‘அட்டெனுவேட்டட்’ என்று வருகிறது. எல்லாம் ஒன்றுதானா?
– செவிலியர் ஒருவர்

இல்லை, உங்கள் வேலையில் இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம். ‘இம்பேர்டு’ ஒரு குறிப்பிட்ட செயல்பாட்டைப் பற்றியது: கேட்கும் திறன், பார்வை, சிறுநீரகத்தின் வேலை, மது குடித்தவரின் நிதானம். முழுவதும் போகவில்லை, குறைந்திருக்கிறது. ‘டெபிலிடேட்டட்’ ஆளையே மொத்தமாகத் தளர வைத்த நிலை, நீண்ட நாள் காய்ச்சலுக்குப் பிறகு எழுந்து நிற்க முடியாமல் இருப்பது மாதிரி.

‘காம்ப்ரமைஸ்டு’ என்பதில் பாதுகாப்பு போய்விட்டது என்ற பொருள் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி ‘காம்ப்ரமைஸ்டு’ என்றால் அடுத்து வருகிற கிருமிக்குக் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். கணினித் துறையில் கடவுச்சொல் ‘காம்ப்ரமைஸ்டு’ என்பதும் இதே கணக்கு, கடவுச்சொல் பலவீனமாகிவிட்டது என்று பொருள் இல்லை, வேறு யார் கையிலோ போயிருக்கிறது. சமரசம் என்ற பொருளை இங்கே கொண்டு வந்தால் அறிக்கையே தலைகீழாகிவிடும்.

‘அட்டெனுவேட்டட்’ வேறு ரகம். லத்தீனில் மெல்லியது என்ற சொல்லிலிருந்து வந்தது. தட்டம்மைத் தடுப்பூசியிலும் வாய்வழி போலியோ சொட்டு மருந்திலும் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ், அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். பலம் குறைப்பதைச் சொல்லும் வினைகளில் நன்மைக்காகச் செய்கிற காரியத்துக்குப் பயன்படுவது இது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு இத்தகைய தடுப்பூசிகளைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள், ஆகவே ஒரே அறிக்கையில் ‘காம்ப்ரமைஸ்டு’ம் ‘அட்டெனுவேட்டட்’டும் சேர்ந்து கண்ணில் பட்டால் நின்று நிதானமாகப் படியுங்கள், டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: ‘சிப் அவே’, ‘விட்டில்’, ‘ஈட் இன்டு’ – இவற்றுக்குப் பின்னால் எந்த முன்னிடைச்சொல் போடுவது என்று எப்போதும் தடுமாறுகிறேன்.

‘சிப் அவே அட்’. ஒரு சிற்பி உளியால் சில்லுச் சில்லாகத் தட்டி எடுப்பது, அந்த ‘அட்’ விட்டுப்போனால் வாக்கியம் முடமாகிவிடும். கடனையும் ‘சிப் அவே அட்’ செய்யலாம், எதிராளியின் முன்னிலையையும் செய்யலாம், எப்போதும் கெட்ட பொருள் இல்லை. ‘விட்டில்’ கத்தியால் மரத்தைச் சீவுவது: ‘விட்டில் டவுன்’ என்றால் பட்டியலைக் குறைத்துக் குறைத்துச் சுருக்குவது, ‘விட்டில் அவே’ என்றால் இருந்ததைச் சீவிச் சீவி இல்லாமல் செய்வது. ‘ஈட் இன்டு’ கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைப்பது: சேமிப்பு, லாபம், நேரம் ஆகியவற்றுக்கு. மனசாட்சி உறுத்தினால் அது ‘ஈட் இன்டு’ செய்யாது, ‘நா அட்’ செய்யும், அதாவது கொறித்துக்கொண்டே இருக்கும். எழுத்தில் முன்னால் ஒரு ‘ஜி’ இருக்கும், அதை உச்சரிக்கக் கூடாது.

கேள்வி: ‘ஹி டிடீரியரேட்டட் அவர் ரிலேஷன்ஷிப்’ என்று எழுதினால் தவறு என்கிறாள் என் மகள். யார் சரி?

மகள்தான். ‘டிடீரியரேட்’ தானாக மோசமாவது, இன்றைய நடையில் அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. உறவு ‘டிடீரியரேட்’ ஆகும், அதை ஒருவர் ‘டிடீரியரேட்’ செய்ய மாட்டார். யாரோ கெடுத்தார் என்று சொல்ல வேண்டுமானால் ‘டேமேஜ்’ அல்லது ‘வொர்சன்’ போடுங்கள். ‘வொர்சன்’, ‘வீக்கன்’, ‘இரோட்’, ‘கரோட்’ நான்கும் இரண்டு பக்கமும் ஓடும், தானாகவும் நடக்கும், ஒருவர் செய்யவும் செய்யலாம். ‘அண்டர்மைன்’, ‘சாப்’, ‘இம்பேர்’ மூன்றுக்கும் எதை என்பது வந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, உச்சரிப்பு. நடுவில் ஒரு அசையை விழுங்கி ‘டிடீரியேட்’ என்று பலர் சொல்கிறார்கள். டி-டீ-ரி-ய-ரேட், ஐந்து அசை. மெதுவாக நான்கைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், படிந்துவிடும்.